நான் கேட்காமல் அனுப்பிவைத்த அக்கா

சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் படிக்கச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. கல்லூரிக்குப் போகவில்லை, ஆன்லைனில் படித்தேன். செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்ட, ஆனால் இன்டர்நெட் மட்டும் இன்னும் பிரவுசிங் சென்டர்களிலேயே குடியிருந்த வருஷங்கள் அவை. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த வேலையாக டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்துக்குப் பின்பக்கம் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றின் மாடியில் ஒற்றை அறை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அண்ணன் குடும்பத்தோடு அம்மா இருந்தார். எனக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் பாதியில் நின்றுபோனது. அதன் பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஊருக்குப் போனால் எல்லாரும் அன்பாகத்தான் இருப்பார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணி, "எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்பாள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனாலும் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஆன்லைன் படிப்பில் எனக்கு வகுப்புத் தோழர்கள் உண்டு. வெறும் பெயர்களாக உண்டு. விவாதப் பக்கம் என்று ஒன்று இருந்தது. அதில் நாகர்கோவிலிலிருந்து ஒருவர், ஷார்ஜாவிலிருந்து ஒருவர், எந்த ஊரென்று சொல்லாத ஏழெட்டுப் பேர். இரண்டு வருஷத்தில் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. எங்களுக்கு வழிகாட்டியாக ஓர் ஆசிரியை இருந்தார். அவரும் மின்னஞ்சலில் வரும் இரண்டு வரிதான்.

பாடங்களை இப்படித் தனியாகப் படித்துவிடலாம். களப்பயிற்சியை அப்படிச் செய்ய முடியாது. வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒரு சேவை நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும். சமூகப்பணி படித்த ஒருவர் அங்கே மேற்பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாராவாரம் அறிக்கை அனுப்ப வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு இடத்தைக் கல்லூரியே பார்த்துக் கொடுக்கும். எனக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது ஒரு கடிதம். அதை நானே பிரிண்ட் எடுத்துக்கொண்டு நானே படியேறினேன்.

முதலில் போன இடத்தில் இருந்தவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "ஆன்லைன்லயா? கம்ப்யூட்டர்ல எப்பிடிமா சமூக சேவை கத்துக்குவீங்க?" என்று சிரித்தார். இரண்டாவது இடத்தில், காலேஜ் பிள்ளைகளுக்கே இடமில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மூன்று அடுத்த வாரங்கள் போனேன். கடைசி முறை, நான் கேட்டைத் தொடுவதற்கு முன்பே வாட்ச்மேன், "அவரு இல்லமா" என்றார்.

நான்காவதாகப் போனது பெண்கள் இல்லம். ஆசிரமப் பகுதியைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகை வீடு. மனநிலை சரியில்லாமல் தெருவில் திரிந்த பெண்கள், கிரிவலக் கூட்டத்தில் யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன பெண்கள் என்று பதினைந்து பதினாறு பேர் இருந்தார்கள். பொறுப்பாளர் ஐம்பது வயதுக்காரர், சமூகப்பணி படித்தவர், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நான் நீட்டிய கடிதத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார்.

"பேன் பாக்கத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அப்ப சனிக்கிழமை வா."

முதல் இரண்டு மாதம் பேன் பார்த்தேன், தலைவாரினேன், காய் நறுக்கினேன், துணி மடித்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் பிரவுசிங் சென்டரின் மரத்தடுப்புக்குள் உட்கார்ந்து அதையெல்லாம் அறிக்கையாக எழுதுவேன். 'கற்றுக்கொண்ட திறன்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அரைமணி நேரம் போகும். ஒருமுறை ஆசிரியையிடமிருந்து பதில் வந்தது: 'தலைவாரியது சரி. அப்போது உங்களுக்குள் என்ன நடந்தது?' எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. யாருடைய தலையையாவது தொட்டு வெகுநாளாயிற்று என்று மட்டும் தோன்றியிருந்தது. அதை எப்படி எழுதுவது? எழுதவில்லை.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பெண் போலீஸ் அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிரிவலப் பாதையில் ஒரு கோயில் வாசலில் விடிந்த பிறகும் தனியாக உட்கார்ந்திருந்தாராம். எந்த ஊர் என்று கேட்டால் பதில் இல்லை, கூட யார் வந்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். பச்சைக் கரை போட்ட ஊதாப் புடவை, தலையில் வாடிய கனகாம்பரம், காலில் மெட்டி. எண்ணெய் வைத்து வாரிய தலை கலையவில்லை. தெருவில் திரிந்தவர் மாதிரியே இல்லை.

பொறுப்பாளர் அவருக்கு டீ கொடுத்தார். குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

"மனசு நல்லாத்தான் இருக்கு, வாய்தான் தொறக்கல" என்று பொறுப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "இது உன் கேஸு. பக்கத்துல உக்காரு. நோண்டாத."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ஞாயிறு முழுவதும் உட்கார்ந்தேன். அடுத்த சனியும் ஞாயிறும் உட்கார்ந்தேன். நேர்காணல் நடத்துவது எப்படி என்று இரண்டு பாடங்கள் படித்திருந்தேன். பதிலுக்கு இடம் விட்டுக் கேள்வி கேட்பது எப்படி, மௌனத்தை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்றெல்லாம் அதில் இருந்தது. மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதில் எனக்குக் கஷ்டமில்லை. வேங்கிக்கால் அறையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டைத் திறந்தால் மறுநாள் காலை கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிறவரை நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மூன்றாவது வாரம் ஊரிலிருந்து அம்மா ஒரு பை நிறைய மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை, கொடுத்துவிட்டிருந்தார். அதை இல்லத்துக்கு எடுத்துப்போய்ப் பின்கட்டில் கொட்டி உரிக்க உட்கார்ந்தேன். அந்த அக்கா தானாக வந்து எதிரே உட்கார்ந்தார். நான் ஒன்றை உரிப்பதற்குள் அவர் நான்கை உரித்தார். காயின் மூக்கைத் தரையில் ஒரு தட்டு, பிளந்துகொள்ளும். மல்லாட்டை விளையும் ஊர்க்காரர் என்று அதிலேயே தெரிந்தது.

அன்றைக்கு நான் பேச ஆரம்பித்தேன். அவரைப் பேசவைக்கத்தான் ஆரம்பித்தேன் என்று அறிக்கையில் எழுதினேன். அது உண்மையில்லை. எதிரே ஒருவர் கைவேலையாக உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போகமாட்டார், எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்கமாட்டார். அதனால் பேசினேன். அலுவலகத்தில் மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது ஒப்பந்த ஆள் என்பதால் என்னைக் கூப்பிடுவதில்லை என்பது, இரண்டாவது மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்தியதை ஒரு ஆள் மூலமாகக்கூடச் சொல்லியனுப்பவில்லை என்பது, காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தபோது கீழ்வீட்டுக்காரர்களுக்கே நான் அறையில் இருந்தது தெரியாது என்பது. யாரிடமும் சொல்லாததெல்லாம் மல்லாட்டை ஓட்டோடு சேர்ந்து விழுந்தது.

உரித்து முடித்ததும் அவர் முறத்தை எடுத்து ஓட்டைப் புடைத்தார். பிறகு, முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டார்:

"உங்களுக்கு யாரும் இல்லயாமா?"

"இருக்காங்கக்கா. அம்மா, அண்ணன், அண்ணி, எல்லாரும் இருக்காங்க."

"எனக்கும் எல்லாரும் கீறாங்க" என்றார் அவர்.

அதற்குப் பிறகு வார்த்தை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. யாருடன் வந்தார் என்பதையும் சொல்லவில்லை. பையனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது, மழைக்காலத்தில் கூரை ஒழுகுவது, மாடு கன்று போட்டது என்று சுற்றிச் சுற்றித்தான் சொல்வார். நான் ஒவ்வொன்றையும் மனசில் வாங்கிக்கொண்டு போய்த் திங்கட்கிழமை டைப் அடிப்பேன். ஒரு நாள் சொன்னார்: "எங்க ஊருல ஏரி ரொம்பிச்சுன்னா பஸ்ஸு வராது. ரோடு கலங்கல் மேலதான் போவுது. நாலு நாளு, அஞ்சு நாளு யாரும் வரமாட்டாங்க, போவமாட்டாங்க. எனக்கு அது புடிக்கும்."

எனக்கு அந்த வரி போதுமாக இருந்தது. அலுவலக ஜீப் டிரைவருக்கு மாவட்டத்தில் தெரியாத ரோடு கிடையாது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் மேலே பஸ் போகிற ஊர் எது என்று கேட்டேன். யோசித்து மூன்று ஊர் சொன்னார். பஞ்சாயத்துத் தலைவர்களின் போன் நம்பர் பட்டியலை நானேதான் டைப் அடித்திருந்தேன். முதல் ஊரில் அப்படி யாரும் காணாமல் போகவில்லை. இரண்டாவது, போளூர் தாண்டி இருந்த ஊர். அந்தத் தலைவர், "ஆமாமா, கிரிவலம் போன எடத்துல ஒரு பொம்பள தொலஞ்சிட்டாங்க. இங்க போளூர் ஸ்டேஷன்லகூட எழுதி குடுத்துக்கீறாங்க. நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?" என்றார்.

போனை வைத்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. டிரைவரிடம் போய்ச் சொன்னேன். "சபாஷ்மா" என்றார்.

அந்த சனிக்கிழமை நான் பொறுப்பாளரிடம் சொல்வதற்கு முன் ஒன்று நடந்தது. பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அந்த அக்கா ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் இங்கியே இருந்துட்டா உங்களுக்கு எதனா தொந்தரவாமா?"

நான் சிரித்தேன். "வீட்ல தேடமாட்டாங்களாக்கா?" என்றேன்.

அவர் போர்வையை உதறிக் கொடியில் போட்டார்.

ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே முடிவெடுக்க உரிமை உள்ளவர், அதைக் கேட்டறிவது சமூகப்பணியாளரின் முதல் கடமை என்று எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. அதில் வைத்த தேர்வில் நான் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். போர்வையின் ஒரு முனை என் கையில் இருந்தபோது அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பொறுப்பாளருக்கும் சந்தோஷம்தான். ஸ்டேஷனுக்குச் சொன்னார், குடும்பத்துக்குப் போன் செய்தார். அந்த அக்காவிடம் ஞாயிறு காலையில்தான் சொன்னோம். அதுவும், "உங்க வீட்லேர்ந்து வராங்க" என்று முடிவாகச் சொன்னோம். அவர் "சரி" என்றார்.

ஒரு வேனில் வந்தார்கள். கணவர், இருபத்திரண்டு வயது மகன், கணவரின் தம்பி. கணவர் வெள்ளை வேட்டி சட்டையில், தூங்காத கண்ணோடு இருந்தார். ரேஷன் கார்டு, போட்டோ, ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் நகல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். அடிக்கிற ஆள், குடிக்கிற ஆள் என்று எதிர்பார்த்திருந்தால் நான் ஏமாந்திருப்பேன். மகன் என்னைப் பார்த்துக் கைகூப்பினான். "உங்கள மறக்கமாட்டோங்க" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

அந்த அக்கா உள்ளே போனார். இல்லத்தில் கொடுத்த நைட்டியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வந்தபோது கட்டியிருந்த ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கணவர், "இந்தா, போலாமா" என்றார். அவர் மற்ற பெண்கள் ஒவ்வொருவரிடமும் போய் "வரேன்" என்று சொன்னார். வேனில் ஏறும் முன்பு என்னிடம் வந்தார்.

"நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமா?"

"ஆமாங்கக்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்தவர் நம் ஊர் வரும் முன்பே இறங்கிப் போகும்போது பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

"நல்லா படிங்க" என்றார்.

வேன் சந்து முனையில் திரும்பியது. மற்றவர்கள் கைதட்டினார்கள். பொறுப்பாளர் என் தோளைத் தட்டினார்.

திங்கட்கிழமை அறிக்கை அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. ஆசிரியை அவ்வளவு நீளமாக எனக்கு எழுதியதே இல்லை. பிரிந்தவரைக் குடும்பத்தோடு சேர்த்துவைத்தது அருமையான பணி, இந்த வருஷத்து மாணவர்களில் இதுதான் சிறந்த கேஸ், விவாதப் பக்கத்தில் எல்லாரும் படிக்கப் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தார். போட்டும்விட்டார். நாகர்கோவில்காரர் வாழ்த்தினார். ஷார்ஜாக்காரர் வாழ்த்தினார். முகம் தெரியாத அத்தனை பேரும் முதல் தடவையாக என்னிடம் பேசினார்கள். நான் தடுப்புக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு வாழ்த்தாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்துத் திரும்ப அனுப்பினேன். 'அவர் இங்கேயே இருக்க விரும்பினார். என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன். அவர் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.' அவ்வளவுதான் அந்தப் பத்தி.

அன்றைக்கு மாலை என் செல்போனில் தெரியாத நம்பர். ஆசிரியை. குரலைக் கேட்டதும் ஆச்சரியமாக இருந்தது. என்னைவிடச் சின்னப் பெண் போல இருந்தது குரல்.

"இந்தப் பாராவை வெச்சா மார்க் குறையும். வெளியிலேர்ந்து வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒத்துக்கமாட்டாங்க. எடுத்துடலாமா?"

"வேணாம் மேடம், இருக்கட்டும்."

பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"அதுக்கப்புறம் அவங்கள நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"பாத்துட்டு வாங்க. ஃபாலோ-அப் விசிட்டுன்னு போட்டுக்கலாம். மார்க்குக்காகச் சொல்லல" என்று சொல்லி வைத்துவிட்டார். மார்க் குறையத்தான் செய்தது. அதற்கு அப்புறம் அவர் என்னிடம் போனில் பேசவே இல்லை.

நான்கு மாதம் கழித்துத்தான், ஒரு சனிக்கிழமை, போளூர் போய் பஸ் மாறி அந்த ஊருக்குப் போனேன். ஏரியில் தண்ணீர் கம்மியாக இருந்தது. பஸ் கலங்கல் மேலே காய்ந்த கல்லில் தடதடவென்று போனது. கையில் ஒரு ஃபைல் வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டில் நாற்காலி போட்டார்கள் என்று நினைக்கிறேன். கணவர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு எதிரே உட்கார்ந்தார். மகன் கடைக்கு ஓடிக் கலர் சோடா வாங்கிவந்தான். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் பேசுவது போல, "நல்லா பாத்துக்கறோங்க, ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் கணவர். பிறகு உள்பக்கம் திரும்பி அந்த அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "மேடம் வந்துக்கீறாங்க பாரு."

அவர் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். சிரித்தார். எல்லார் முன்னாலும் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "நல்லா இருக்கேன்" என்றார். இருபது நிமிஷத்தில் என் கேள்விகள் தீர்ந்துவிட்டன. பஸ் நிறுத்தம்வரை மகன் துணைக்கு வருவதாகச் சொன்னான். "நான் போறேன்" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வழியெல்லாம் மல்லாட்டைக் கொல்லை. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாதி தூரம் நடந்தோம். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு நான் ஒண்ணும் தொலயலமா. ஒம்போது பேரு போனோம். எல்லாரும் முன்னாடி பேசிக்கினு நடந்தாங்க. எனக்கு காலு வலி, பின்னாடி வந்தேன். யாரனா ஒருத்தராவது திரும்பிப் பாக்கறாங்களானு பாத்துக்கினே வந்தேன். பாக்கல. அந்தக் கோயிலாண்ட உக்காந்தேன். சரி, எப்பதான் தெரியுதுனு பாக்கலாம்னு உக்காந்தேன். வேன்ல ஏறி தல எண்ணும்போதுதான் தெரிஞ்சுதாம்." கொஞ்சம் நின்று செருப்பில் குத்திய முள்ளை எடுத்துப் போட்டார். "தேடல, அழுவலனு சொல்லல. ரெண்டு நாளு தேடினாங்களாம். ஆனா அதுக்குள்ள எனக்கு நீங்க இருந்த எடம் புடிச்சிப் போச்சி."

"நான் உங்கள கேட்டிருக்கணும்க்கா" என்றேன். நான்கு மாதமாக மனசில் உருட்டிக்கொண்டிருந்த வாக்கியம். சொன்னதும் சின்னதாகப் போய்விட்டது.

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியல" என்றார். "விடுங்க."

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"இன்னிக்கு அவரு என் பேர சொல்லி கூப்புட்டாரு, கவனிச்சீங்களா? கல்யாணம் ஆனதுலேர்ந்து 'இந்தா', 'ஏய்'தான். நீங்க இருந்தங்காட்டியும் கூப்புட்டாரு." முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. "அப்பப்ப வாங்கமா. அந்த ஃபைல எடுத்துக்கினு வாங்க."

போனேன். அந்த வருஷத்தில் மூன்று முறை, படிப்பு முடிந்த பிறகும் இரண்டு முறை. பயிற்சி முடிந்து, அறிக்கை கேட்க யாருமில்லாத பிறகும், ஃபைலை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே அலுவலகத்தில் வீணாய்ப்போன தாள்கள்தான் இருந்தன. வாசலில் என்னைப் பார்த்ததும் கணவர் உள்ளே திரும்பிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த அக்கா வந்து நிற்பார். நான் ஃபைலைத் திறந்து எதையோ எழுதிக்கொள்வேன். பிறகு பஸ் நிறுத்தம்வரை இரண்டு பேரும் நடப்போம். என் அறையில் ஒழுகும் குழாயைப் பற்றி, அலுவலகத்தைப் பற்றி நான் பேசுவேன். அவர் கேட்டுக்கொண்டே வருவார். அந்தக் கால்மணி நேர நடைக்காகத்தான் நான் போனேன். யார் யாருக்கு உதவினார்கள் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

பட்டம் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் கீழே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். கவரை அறையில் பிரித்துப் பார்த்துவிட்டு, மடியாமல் இருக்க ஒரு பெரிய அட்டைக்குள் வைத்தேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். "நல்லதுமா" என்றார், இதனால் சம்பளம் ஏறுமா என்று அண்ணன் பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது.

சில மாதங்களில் வேறொரு மாவட்டத்தில், ஓர் ஆஸ்பத்திரியில், ஆலோசகர் வேலை கிடைத்தது. வேங்கிக்கால் அறையைக் காலி செய்வதற்கு முந்தைய வாரம் அந்த ஊருக்குப் போனேன். மழை முடிந்த சமயம். கலங்கலில் தண்ணீர் கணுக்காலளவு ஓடிக்கொண்டிருந்தது; பஸ் மெதுவாகத் தாண்டியது.

வீடு பூட்டியிருந்தது. வாசலில் கோலம் போட்டுப் பல நாளாகியிருந்தது தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"அவங்க பெங்களூருக்கு போயிட்டாங்க. புள்ளைக்கு அங்க கம்பெனில வேல. எல்லாரும்தான் போனாங்க. மாட்டகூட வித்துட்டாங்க."

"அந்த அக்கா எதனா சொல்லிட்டுப் போனாங்களா?"

"யாருகிட்ட?"

"யாராவது வந்தா சொல்லச் சொல்லி..."

அவள் என்னையும் கையிலிருந்த ஃபைலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலியே. நீங்க யாருங்க? ஆபீஸ்லேர்ந்து வறீங்களா?"

நான் அங்கே நின்று யோசித்தேன். மாணவி என்று சொல்லலாம், படிப்பு முடிந்துவிட்டது. இல்லத்திலிருந்து என்று சொல்லலாம். அங்கே போய் வெகுநாளாகிவிட்டது. சொந்தம் இல்லை. அந்த அக்கா ஊருக்குள் என்னைப் பற்றி என்ன சொல்லிவைத்திருந்தார், எதுவும் சொல்லாமலே இருந்தாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

"இல்ல. தெரிஞ்சவங்க" என்றேன்.

"உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்" என்று உள்ளே போனாள். சொம்பை வாங்கிக் குடித்தேன். அவளிடம் போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். நான் தனியாக ஏரிக்கரையோரமாக நிறுத்தத்துக்கு நடந்தேன். கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கிக் குவித்திருந்தார்கள். காயைப் பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, என்னை முன்பு பார்த்த ஞாபகத்தில் போலும், கையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன்.